பதிவேட்டில் ஏழாவது நிரல்

கல்லடிக் கடற்கரை விடுதியில்
எனக்கு இரவு வேலை.
பொலிசுக்குக் காட்டும் பதிவேட்டில் ஒன்பது நிரல்கள்.
பெயர்: சாமித்தம்பி குகநேசன்.
கடவுச்சீட்டு சிவப்பு, வெள்ளைச் சிலுவை.
ஏழாவது, பிறந்த இடம்.
பக்கம் பக்கமாய்த் தேடுகிறேன்,
அது இல்லை.

"அவங்க அத எழுதமாட்டாங்க மகள்.
பூர்வீகம் எந்த ஊர் எண்டுதான் போடுவாங்க."
விரல் வைத்துக் காட்டினார்:
ஹின்டர்லாஸ்.

இருநூற்றுப் பதினாலு பேர், மாடுகள் அதிலும் கூட.
கார்த்திகையில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
தை முடியும்போதுதான்
தேவாலயக் கூரையில்
ஒரு பாய் அகலத்துக்கு விழுமாம்.
"அப்ப பொங்கல்?"
"கிழக்கு எது எண்டு தெரியும்தானே கா."

இந்தக் கரையில் உயரம் என்றால்
எனக்குத் தெரிந்தது கல்லடிப் பாலம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர் கூடி
கை உயர்த்தித்தான் குடியுரிமை கொடுக்குமாம்.
இவரை நடையில் நிற்க விட்டார்கள்.
முதல் தடவை இல்லை என்றார்கள், காரணம் எழுதவில்லை.
அதற்குப் பிறகு நாலு மாரி
பனி தள்ளும் வண்டி ஓட்டினார்.
விடிய மூன்று மணிக்கு
ஊரின் வாசல்களெல்லாம் இவர் திறந்தது.
அடுத்த தடவை கண்ணாடிக் கதவால் எண்ணினார்:
ஐம்பத்தி மூன்று கைகள்.
"இறைச்சிக்கடைக்காரன்ட கையில கட்டு.
தூக்கினானோ, நோவுக்குப் பிடிச்சானோ,
அத நான் எண்ணேல்ல."

பிறகு தன் கைகளைப் பார்த்தார்.
"இஞ்ச நாங்க கை தூக்கினது வேற."
நான் பிறந்தது தொண்ணூற்றெட்டில்.
எதற்கென்று கேட்கவில்லை.

சுவரில் விலைப்பட்டியல்.
உள்ளூராருக்கு மூவாயிரத்து ஐந்நூறு,
வெளிநாட்டாருக்கு முப்பத்தெட்டு டொலர்.
"ரெண்டுக்கும் நடுவில ஒரு விலை இல்லையா?"
தனியாகச் சிரித்தார்.
நாளைக் காலை குருக்கள்மடத்தில் முதல் பாதை ஏறி
அம்பிலாந்துறைக்குப் போகிறாராம்.
அங்கே யார் இருக்கிறார்கள் என்று
அவரும் சொல்லவில்லை.

ஏழாவது நிரலில் ஹின்டர்லாஸ் என்று எழுதினேன்.
பேனையை வாங்கி,
நான் மறந்த புள்ளியை
'ஸ'வின் தலையில் வைத்தார்.

மூன்று மணி இருக்கும்.
உரசும் சத்தம் கேட்டு எழும்பிப் பார்த்தேன்.
கச்சான் காலம் இல்லை, ஆனாலும் கடல் பக்கமிருந்து
இரவெல்லாம் மணல் ஏறியிருந்தது.
காவலாளியின் சவளால்
வாசலிலிருந்து தெருமட்டும்
இரண்டு பக்கமும் ஒதுக்கி
ஒராள் நடக்க வழி எடுத்துக்கொண்டிருந்தார்,
வேர்த்து, சேட்டில்லாமல்.

விலை நிரலை இன்னும் நான் நிரப்பவில்லை.