நிலைக்கல்

பதினோராம் நாள் காலை
கிர்பெத் தஃப்னூன் மேட்டில், நான்காம் குழியில்
ஒரு நிலைக்கல் புரண்டது.
தூக்க ஐந்து பேர். அதட்ட ஒருத்தி.
வரைய நான்.
கலிலேயாக் கடல் கீழே
தகரம்போல் கண்ணைக் கூசியது.

கரும்பாறை.
ஒரு முகத்தில் ஏழு கிளை விளக்கு,
மறு முகத்தில் வட்டத்துக்குள் சிலுவை,
இரண்டுக்கும் நடுவே விரிசலில்
குடியிருந்த தேள் ஒன்று
யாருக்கும் பதில் சொல்லாமல் இறங்கிப் போனது.

ஜெப ஆலயத்து வாசல் இது,
பின்னால் வந்தவர்கள் பிடுங்கித் திருப்பி வைத்தார்கள்
என்றாள் தீர்ட்சா.
பிடுங்கியிருக்கலாம், விற்கவும் விற்றிருக்கலாமே
என்றார் பாதிரியார் கியோம், கண்ணாடியைத் துடைத்தபடி.
ஐந்தாம் நூற்றாண்டு. இல்லை, ஆறு.
தக்காளியில் ஈ உட்காரும்வரை
நூறு வருஷத்தை
ரொட்டிபோல் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நூற்றாண்டு வேண்டாம்,
பென்சிலுக்குக் கோடு போதும்.
விளக்கின் மூன்றாம் கிளையில் உளி வழுக்கியிருந்தது.
வழுக்கலை ஓர் இலையாக்கிச் சமாளித்திருந்தான்.
சிலுவையின் ஓரத்திலும் அப்படி ஓர் இலை.
இரண்டையும் வரைந்தேன்.
எனக்கொன்றும் தோன்றவில்லை.

நாயிஃப்தான் குந்தி உட்கார்ந்தான்.
ஆப்பிள் பருவம் முடிந்தால் மேலே துரூஸ் ஊரில்
மதில் கட்டுபவன்,
தேநீரை இடக்கையால் ஊற்றுபவன்.
எச்சில் தொட்டுத் தடத்தைத் தேய்த்தான்.
"இடமிருந்து வலமாகப் போன உளி. இடக்கைக்காரன்."
எழுந்து மறுபக்கம் வந்தான்.
"இவனும்."
கொஞ்சம் பொறுத்து,
"இவனேதான்."

தீர்ட்சா கல்லைப் பார்த்தாள்.
கியோம் தீர்ட்சாவைப் பார்த்தார்.
எதை முதலில் செதுக்கினாய்,
எந்தப் பக்கத்துக் கூலி பாக்கி,
வீட்டில் எந்த விளக்கு
என்று கேட்க ஆள் இல்லை.
மூன்று பருவம் தோண்டியும் ஊருக்கு
ஒரே ஒரு எண்ணெய்ச் செக்குதான் கிடைத்திருக்கிறது.
ஆலிவ் மூட்டையோடு
யாருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று
அதன் தேய்ந்த குழவி சொல்வதாயில்லை.

'ஒரே சிற்பி' என எழுதிக்
கேள்விக்குறி போட்டாள் தீர்ட்சா.
கியோம் பக்கத்தில் இன்னொன்று போட்டார்.

கடைசி நாள் குழியை மூடினோம்.
அடியில் இந்த வருஷத்துக் காசு ஒன்று வைப்பது வழக்கம்,
இனித் தோண்டுபவனுக்குத் தெரியட்டும்,
இதுவரை வந்தோம் என்று.
காசை எதற்கு வீணாக்க என்று
நாயிஃப் தன் கிழிந்த கையுறையைக் கழற்றி எறிந்தான்.

எந்தக் கையினுடையது
என்று பார்ப்பதற்குள்
மண் விழுந்துவிட்டது.