தொட்ட அடுக்கு

சஸ்கட்டூனில் சனவரி. மைனஸ் முப்பத்தாறு.
காரின் மூக்கிலிருந்து ஒரு வயர்
சுவர் பிளக்குக்கு ஓடுகிறது;
இந்த ஊரில் என்ஜினுக்கும் ராத்திரிக் கம்பளி வேண்டும்.
ஆற்றிலிருந்து எழுந்த ஆவி
மின்கம்பி நெடுக முள்முள்ளாய் உறைந்திருக்கிறது.
நின்று பார்க்க நேரமில்லை.
கீழ்த்தளத்தில் கலம் ஆறிக்கொண்டிருக்கிறது.

கலம் என்றால், அண்டா அளவில் ஓர் எஃகு உருண்டை.
அலுமினியத் தாள் சுற்றி இரண்டு நாள் சுட்டோம்
உட்சுவரில் ஒட்டிய ஈரத்தை விரட்ட.
இப்போது உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.
அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் என் சம்பளம்.
காற்று கொஞ்சம் கூடினாலும்
ஒரே நொடியில் அழுக்கு மூடிவிடும்.
இந்த வெறுமையில் எனக்கு
மூன்று மணி நேரம் கிடைக்கும்.

நடுவில் சட்டைப் பொத்தான் அளவு டங்ஸ்டன்.
ஒற்றைப் படிகம்.
எந்த அணுவும் வரிசை பிசகி நிற்காது
என்று எழுதித்தான் விற்றார்கள்.
படிகள் உண்டு. ஓர் அணு உயரப் படிகள்.
படி விளிம்பில் பல்லுடைந்த மூலைகள்.
வயிற்றில் கரியும் உண்டு:
சூடாக்கினால் மேலே வரும்,
ஆக்சிஜன் விட்டு எரித்தால் போகும்,
மறுநாள் உள்ளிருந்து இன்னும் கொஞ்சம்.
பதினோரு நாள்.

சேலத்திலிருந்து அண்ணி கூப்பிட்டாள்.
"வெள்ளி விற்கிற விலை தெரியுமா?
உன் கையில எவ்வளவு இருக்கு?"
கணக்குப் போட்டுச் சொன்னேன்:
ஒரு கிராமைக் கோடிக் கூறாக்குங்க, அண்ணி.
அதில் ஒரு கூறு.
"அதைத் திருட எவன் வரப்போறான்," என்று
போனை வைத்தாள்.

மூடியைத் திறந்தேன்.

ஓர் அணு வந்து விழுகிறது.
விழுந்த இடத்தில் நிற்பதில்லை.
குழியிலிருந்து குழிக்குத் தத்துகிறது,
நொடிக்கு லட்சம் முறை, திசையே இல்லாமல்.
படியோரம் தட்டுப்பட்டால் நின்றுவிடும்;
பிடித்துக்கொள்ள அங்கே பக்கத்தில் ஆள் அதிகம்.

ஓரெஸ்ட், பம்ப் எண்ணெயைத் துடைத்தபடி,
"நம்மைப் போலத்தான்," என்றான்.
"என் ஆட்கள் ரயிலில் வந்து விழுந்தார்கள்,
நீ விமானத்தில்."

இல்லை, ஓரெஸ்ட்.
வெப்பம் உலுக்கும், குழி இழுக்கும், அவ்வளவுதான்.
அதற்கு வேலை அனுமதி காலாவதி ஆவதில்லை.
இதே உவமையை
போன வருடம் மானிய விண்ணப்பத்தில் எழுதி
நானே அடித்துவிட்டேன்.

முதல் அடுக்கு விரிந்து படுக்கிறது, தரை தெரியாமல்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் மனம் மாறுகிறது
(மனம் என்று எழுதக் கூடாது):
தாமரை இலைத் தண்ணீராய்த் திரண்டு
தீவு தீவாய் நிற்கிறது.
அடியில் இருப்பதும் வெள்ளிதானே?
வெள்ளிதான். இருந்தும்.

பிறகு சூடாக்கினேன்,
நொடிக்கு ஐந்து டிகிரி.
திரையில் எடை நூற்றேழு, எடை நூற்றொன்பது,
வெள்ளியின் இரட்டையர் இருவரும்
தோளோடு தோளாய் ஏறி இறங்கினார்கள்.
தீவுகள் போய்விட்டன.
கோடு தரையோடு தரையாய்ப் படுத்தது.
முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.
ஓரெஸ்ட் கோட்டை மாட்டிக்கொண்டான்.
இன்னும் சூடு. இன்னும்.
அப்போதுதான் இரண்டாவது மேடு எழுந்தது,
மெதுவாக, போக மனமில்லாத மாதிரி
(மறுபடியும் மனம்).

டங்ஸ்டனைத் தொட்டுக்கொண்டிருந்தவை அவை.
முதலில் வந்தவையா? சொல்ல முடியாது,
வழியில் எவ்வளவோ இடம் மாறியிருக்கும்.
தொட்டவை. அது மட்டும் தெரியும்.
வெள்ளி வெள்ளியை விடுவதைவிடத் தாமதமாகத்தான்
வெள்ளி அந்நியத் தரையை விட்டது.
நோட்டில் தேதியும் டிகிரியும் எழுதினேன்.

விடிகாலை நாலரை.
கையுறையைக் கலத்தின் மேலேயே மறந்துவிட்டேன்.
காரின் கைப்பிடியை வெறும் விரலால் பிடித்தேன்.
பற்றிக்கொண்டது.
ஊதினேன், திட்டினேன், கடைசியில் பிடுங்கினேன்.
தெருவிளக்கில் குனிந்து பார்த்தால்
இரும்பின் மேல் மங்கலாய் என் ரேகை,
தோலின் மெல்லிய ஓர் அடுக்கு,
அங்கேயே.

ஓரெஸ்டிடம் இதைச் சொல்லக் கூடாது.