செவ்வாய்க்கிழமை எண்கள்

ஈசூனில் ஒன்பதாம் மாடி.
கம்பிக்கதவுக்கு வெளியே காலணியைக் கழற்றும்போதே
உள்ளிருந்து குரல் வரும்:
"பூட்டில்லை தாதி, தள்ளிக்கிட்டு வாங்க."

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம்
பாரந்தூக்கி ஓட்டியவர் வைரக்கண்ணு.
இப்போது பிளாஸ்டிக் நாற்காலி உயரத்திலிருந்து
உலகத்தைப் பார்க்கிறார்.
சட்டைக் கையைத் தானே சுருட்டி
நடுவிரலையும் நீட்டி வைத்திருப்பார்.
இவ்வளவு ஒத்துழைப்பு
என் பட்டியலில் வேறு யாரிடமும் இல்லை.

பட்டை இறுகி, இரைந்து, தளரும்.
நூற்று அறுபத்தெட்டு.
ஊசி குத்திய துளியில் பதினான்கு புள்ளி இரண்டு.
நான் டேப்லெட்டில் தட்டுவதற்குள்
நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிவிடுவார்.
அக்கறை என்று நினைத்தேன்.
நான்கு மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

1682.
கொதிப்பின் மூன்று இலக்கம், சர்க்கரையின் கடைசி இலக்கம்.
புதன்கிழமைக் குலுக்கலுக்கு
கீழ்க்கடையில் இரண்டு வெள்ளி.

"உப்பைக் குறைங்க" என்றால்
"குறைச்சா நம்பர் சப்புன்னு ஆயிடும்" என்பார்.
சிரிக்காமல் இருப்பது எப்படி என்று
பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு ஒரு நாள், கால் பார்க்கும் முறை.
நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட வேண்டும்.
கண்ணை மூடிக்கொண்டு
"ஆமா... ஆமா... ஆமா" என்கிறார்.
இழை இன்னும் என் விரலிடுக்கில்தான்.
தொடவே இல்லை.

வலது செருப்பைத் திருப்பினேன்.
அடியில், அறிவிப்புப் பலகையில் குத்தும் பின்.
எத்தனை நாளாய்?
செருப்புக்குத்தான் தெரியும்.
நாற்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் லாரியில் இறக்கியவர்,
குதிகாலில் ஐந்து காசு அளவு குழி.

கழுவிக் கட்டும்போது மெதுவாகக் கேட்டார்:
"இதுக்கு என்ன நம்பர் தாதி?"
"விரலை எடுத்தா ஒன்பது" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

அதன்பின் வாரம் இருமுறை போனேன்.
கோப்பியில் இனிப்பு நின்றது.
பக்கத்து வீட்டு ரோஹானியின் குவே
தட்டோடு திரும்பிப் போயிற்றாம்,
அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஏழாவது செவ்வாய்:
நூற்று இருபத்தெட்டு. ஆறு புள்ளி ஒன்று.
நான் கைதட்டாத குறை.
அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
1281.
"இதெல்லாம் ஒரு நம்பரா."
வாங்காமலே விட்டார்.

வியாழன் காலை வேறொரு வீட்டு வாசலில் நிற்கிறேன்,
தொலைபேசியில் ஏறக்குறைய அழுகை:
"வந்துருச்சு தாதி, ஆறுதல் பரிசுல!
நல்லா இருக்கிற நம்பரை நம்பாம விட்டுட்டேன்."

அடுத்த முறை கட்டைப் பிரித்தேன்.
குழியின் விளிம்பில் ஒரு இளஞ்சிவப்பு,
அரிசிமணி அகலம்.
"ஆறுது" என்றேன்.

இழையை எடுத்தேன். கண்ணை மூடினார்.
நெடுநேரம் "ஆமா" வரவில்லை.
"இப்ப தொட்டீங்களா?" என்றார்.