பத்து முறை, மூன்று வேளை

நூலின் ஒரு முனை என் பல்லில்,
மற்றது விரல்களில்.
அடுத்தவள் புருவத்தில் ஒரு முடி போக
என் கழுத்து ஒரு முறை
பின்னால் போய் வரவேண்டும்.
டவுட்டன் பார்லரில் பதினோரு வருஷம்.
கணக்கு கழுத்திடம் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம்
தோள்பட்டை வழியாக இறங்கிய வலி
கட்டைவிரலில் குடியேறியது.
பல் பிடித்திருந்தது,
விரல் விட்டுவிட்டது.
பாதிப் புருவத்தோடு எழுந்து உட்கார்ந்தாள் ஒரு கல்யாணப் பெண்.

பெரம்பூர். மருந்துக்கடை மாடி.
பிசியோ ஹெப்சிபா என்னைச் சுவரோடு நிறுத்தி,
"மோவாயை உள்ளே இழுங்க. குனியாம.
இன்னும். ரெட்டை மோவாய் வரணும்."

ரெட்டை மோவாய் கரையணும் என்று
தலைக்கு முந்நூறு வாங்கி
தேய்த்துவிடுகிற கை என்னுடையது.
சிரிப்பு வந்தது.
சிரித்தால் வலித்தது.

அடுத்து, உள்ளங்கை நெற்றியில்.
"தலை தள்ளணும், கை விடக்கூடாது.
ரெண்டுல எதுவும் ஜெயிக்கக்கூடாது.
அஞ்சு எண்ணுங்க.
மூச்சு விடுங்கம்மா, மூச்சு!"

பத்து முறை, மூன்று வேளை.
குக்கர் விசிலுக்கு நடுவே,
கரண்ட் போன மத்தியானத்தில்,
வாடிக்கையாளர் முகத்தில் பேக் காய்கிற இருபது நிமிஷத்தில்.
கண்ணாடி முழுக்க என் ரெட்டை மோவாய்.
முதல் வாரம் ஒன்றுமில்லை.
இரண்டாம் வாரம் இன்னும் கொஞ்சம் வலி.
"ஒரு ஊசி போட்டா முடிஞ்சது" என்றார் வீட்டுக்காரர்,
குனிந்து போனைப் பார்த்தபடி.

மூன்றாம் வாரம், 29சி.
ஓட்டேரி தாண்டி யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்க
இடது பக்கம் திரும்பினேன்.
இடுப்போடு இல்லை. தோளோடு இல்லை.
தலை மட்டும்.
அங்கே ஒரு மெத்தைக் கடை,
பஞ்சு ஒட்டிய புருவத்தோடு ஒருவர்
ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.
"இது எப்போ வந்த கடை?"
கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்:
"அது இருபது வருஷமா இருக்கும்மா."

நேற்று நளாயினி மேடம்,
"முகூர்த்தம் நிறைய. இனி ஞாயிறும் வந்துடு."
எது சொன்னாலும் ஆடிப் பழகின தலை.
உள்ளங்கையைத் தூக்கி நெற்றியில் வைத்தேன்.
தலை தள்ளுகிறது.
கை விடவில்லை.
"என்னடி, தலைவலியா?"

மூணு.
நாலு.