ஒட்டுநாடா

நாற்காலியின் நான்கு கால்களுக்கும் பச்சை.
கட்டிலுக்கு மஞ்சள்.
குணவதி வந்து நின்று அழவேண்டிய இடத்தில்
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
ஒருநாளும் அதில் நிற்கமாட்டாள்.
அரை அடி தள்ளி, வெளிச்சம் விழாத இடமாகப் பார்த்துத்தான் அழுவாள்.
எட்டு ஒத்திகையிலும் சொன்னேன்.
"அழுகை வர்றப்ப தரையைப் பார்க்க முடியுமாக்கா?"
முடியும்.
தரையைப் பார்த்துத்தானே எல்லாரும் அழுகிறோம்.

செந்தூலில் மாடிக் கூடம், கீழே டயர் கடை.
மூன்றாம் காட்சி நடுவில் சக்கரம் கழற்றும் இயந்திரம் அலறும்.
அது ஓயும்வரை மாமனார் பாத்திரம் மூக்குக்கண்ணாடி துடைக்கட்டும் என்று
பென்சிலில் குறித்திருக்கிறேன், பக்கம் 31.
அதற்கப்புறம் என் பிரதியில் பென்சிலே இல்லை.
மார்ச் பதினாறு இரவு அறிவித்தார்கள்,
பதினெட்டிலிருந்து நாடே வீட்டுக்குள்.

விற்றிருந்த டிக்கெட் அறுபத்திரண்டு.
திருப்பிக் கொடுத்தது அறுபத்தொன்று.
இருக்கை சி-9, திரு. பலவேந்திரன், காசு வேண்டாம் என்றார்.
"நடக்கும்போது வர்றேன்மா. நீங்க வெச்சிருங்க."
முப்பது வெள்ளியை ஓர் உறையில் போட்டு
மேலே அவர் பெயர் எழுதினேன்.
நான் எதற்கும் பெயர் எழுதிவிடுவேன்.

ஜூனில் ஜாலான் ஈப்போ பேரங்காடியில் வேலை கேட்டுப் போனேன்.
"ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தரையில ஒட்டத் தெரியுமா?"
என்றார் மிஸ்டர் லோ.
முகக்கவரி போட்டிருந்தது நல்லதாயிற்று,
சிரித்ததை அவர் பார்க்கவில்லை.
பதினேழு வருடம், பாஸ்.
இருட்டில், முழங்காலில்,
அளவுநாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

ஒட்டினேன்.
வந்தார்கள். குறி பார்த்து, சரியாக நின்றார்கள்.
கைக்குழந்தைக்காரி, பத்துக்கிலோ அரிசிக்காரர்,
ஒரு தட்டு முட்டை மட்டும் ஏந்திய பையன்.
இத்தனை அடக்கமான நடிகர்களை நான் கண்டதில்லை.
யாருக்கும் வசனம் கிடையாது.
மூன்றாம் கல்லா காலியாகும்போதெல்லாம்
என் வாய் தானாக முணுமுணுக்கும்:
ஸ்டாண்ட்பை… கோ.
பையன் போனான்.
ஒரு நொடி தாமதம். பரவாயில்லை.

அடுத்த ஆண்டு ஜூலை.
வேலை முடிந்து ரயில் பாலத்தடியில் நடந்தபோது
அடுக்குமாடியின் எட்டாவது தளத்தில் ஒரு வெள்ளைக் கொடி.
ஊரில் பல சன்னல்களில் பார்த்ததுதான்.
ஆனால் அதன் ஓரத்தில் நீலத் தையல்.
நான் போட்ட தையல் அது;
கட்டில் கால் குத்திக் கிழிந்த இடம்.
கூடத்தைக் காலி செய்த அன்று சாமான்களை
ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவைத்தோம்.
பட்டியலில் எண் 14:
படுக்கை விரிப்பு, வெள்ளை, ஒன்று, நிலை: நன்று.

லிஃப்ட் பழுது.
ஐந்து கிலோ அரிசி, மைலோ, டின் மத்தி,
எட்டு மாடி.
குணவதி கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.
உள்ளே யாரோ இருமினார்கள். யாரென்று கேட்கவில்லை.
பையை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்,
கால் தானாக ஒரு மீட்டர் அளந்தது.
அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"லைட்டு இங்க படுதாக்கா?" என்றாள்.

நடைவழியின் குழல்விளக்கு எப்போதோ செத்திருந்தது.

படுது, என்றேன்.
அங்கேயே நில்லு.

இரவு பட்டியலை எடுத்து எண் 14-இல்
'நன்று' என்பதை அடித்து
'பயன்பாட்டில்' என்று திருத்தினேன்.
உறை காலி. அரிசிக்கும் மத்திக்கும் அதுதான் போனது,
மைலோ என் கணக்கு.
உறையைக் கிழிக்கவில்லை.
பெயருக்குக் கீழே பென்சிலில் சேர்த்தேன்:
ஒரு நாடகம் பாக்கி. சி-9.