தீர்மானம் எண் நான்கு

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்று
ஆறு வருஷம் சீட்டு கொடுத்தனுப்பினேன்.
மூன்று மணிக்கு வருகிறவர்கள் மூன்று பேர்:
சத்துணவு அமைப்பாளர், அவர் தங்கை,
சாதிச் சான்றிதழ் கேட்க வந்து
மாட்டிக்கொண்ட யாராவது ஒருவர்.
மிச்சம் பதினேழு கையெழுத்தை
பிள்ளைகளிடம் பதிவேட்டைக் கொடுத்தனுப்பி வாங்குவேன்.
'பெற்றோர் ஈடுபாடு: குறைவு' என்று
எட்டாவது கட்டத்தில் எழுதும்போது
என் கையெழுத்து அழகாக இருக்கும்.

இந்த மாசியில் கபிலன் நான்கு நாள் வரவில்லை.
கோரையாற்றுப் பாலம் தாண்டித் தேடிப் போனேன்.
பச்சைக் கதவு. பூட்டு இல்லை.
வெளியே தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தது.
பக்கத்து வீட்டில் சொன்னார்கள்:
"எல்லாம் கொள்முதல் நிலையத்துல கெடக்கு டீச்சர்.
ஈரம் பத்தொம்பதுன்னு நெல்லத் தள்ளிட்டாங்க."

என் பள்ளிக்கூடத்தில் பாதி அங்கேதான் இருந்தது.
தார்ப்பாய்க்குள் அம்பாரம் அம்பாரமாய் நெல்,
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு குடும்பம்.
சாக்கு தைக்கிறவர், லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்,
குத்தகைக்கு இரண்டு மா போட்டவர்,
தூக்குவாளியில் சோறு கொண்டுவந்த அம்மாக்கள்.
எண்ணினேன்.
குழு உறுப்பினர்கள் மட்டும் பதினாலு பேர்.

பதிவேட்டை எடுக்க ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

எடைமேடைக்கு மேலே ஒற்றைக் குழல்விளக்கு, சுற்றிலும் பூச்சி.
எட்டரை மணிக்குத் தொடங்கினோம்.
முதல் தீர்மானம், கற்றல் அடைவு. தலையாட்டினார்கள்.
இரண்டாவது, இடைநிற்றல்.
"அப்படின்னா?" என்றார் ராசாங்கம்.
"பாதியில நின்னுடறது."
"இந்த நெல்லு மாதிரி" என்றார்,
கோணியில் ஊசியை இழுத்தபடி.
சிரித்தார்கள். நான் அதைக் குறிக்கவில்லை.

மூன்றாவது, வாசிப்பு வாரம்:
பெற்றோர் தினமும் அரை மணி நேரம்
பிள்ளைகளுக்கு வாசித்துக்
என்பதோடு விழுங்கிவிட்டேன்.
"நிறுத்தாதீங்க டீச்சர்" என்றார் அமுதவள்ளி.
"எனக்கு எழுத்து தெரியாதுதான்.
அவ வாசிக்கட்டும், நான் கேக்குறேன்.
தப்பா வாசிச்சா தெரியாது.
நிறுத்தினா தெரியும்."

தாள் அவ்வளவுதான். மூடப் போனேன்.
"இன்னொண்ணு இருக்கு" என்று
இருட்டிலிருந்து ஒரு குரல். தவமணி.
"எம் மவ பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கறதில்ல.
கக்கூசுக்குத் தாழ்ப்பா கெடையாது.
ஒருத்தி உள்ள போனா
இன்னொருத்தி கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கணும்.
நிக்கிறவளுக்குப் பாடம் போவுது."

ஆறு வருஷம்.
ஆசிரியர் கழிவறையில் தாழ்ப்பாள் இருக்கிறது.
அச்சடித்த தாளில் நான்காவது தீர்மானத்துக்கு இடமில்லை.
ஓரத்தில், செங்குத்தாக எழுதினேன்.
எழுதியது கோணல்.

திங்கட்கிழமை மணியடிக்கும் முன்
கபிலனின் அப்பா பக்கிரிசாமி வந்தார்,
ஒரு திருப்புளி, மஞ்சள் பை.
"ஈரம் இறங்கிடுச்சா?"
"நாளைக்குப் பாக்கலாம்ங்கறாங்க."
கதவில் வைத்துப் பார்த்து நான்கு திருகு முடுக்கினார்.
போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார்.
விளிம்பில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டை
அப்போதுதான் கவனித்தேன்.
"உங்க வீட்டுக்கு?"
"நாங்கதான் களத்துல கெடக்குறோமே."

தீர்மானம் நான்கு: நிறைவேற்றப்பட்டது.
செலவு: இல்லை.
ரசீது இணைக்கவும் என்ற இடத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
எட்டாவது கட்டத்தைக் காலியாக விட்டேன்.

வட்டார வள மையத்தில் அதற்காகத்தான் திட்டு விழுந்தது.
பதிவேட்டை வாங்கிப் புரட்டியவர்
இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி
மணிக்கட்டைச் சொறிந்தார்.
நெல் சுணை.
மூன்றாம் பக்கத்திலும் சொறிந்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.