அடைப்பு எடுக்கிறவன்

பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவே
எந்தத் தக்காளிக் கொல்லையில் சொட்டு நின்றாலும்
எனக்குத்தான் போன் வரும்.
ஆயிரம் அடிக்குக் கீழிருந்து ஏறிவருகிற தண்ணீர்
எங்கள் பக்கம் உப்பு.
வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும்,
பிள்ளைகளின் பல்லில் மஞ்சளாய்.
குழாயில் படிந்ததை
ஆசிட் கலந்து ஒரு ராத்திரி ஊறவிட்டு
காலையில் கடைமுனையைத் திறந்தால்
நீர்மோர் மாதிரி வெளியே வரும்.
பத்தொன்பது வருஷமாய் இதுதான் சோறு.

அதனால்தான்
தருமபுரியில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி
"முனிரத்தினம், இங்க தொண்ணூறு, இங்க அறுபது" என்று
டாக்டர் நிலோஃபர் சொன்னபோது
பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது
தொழில் யோசனை.

தொண்ணூறுக்கு அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள்.
மணிக்கட்டு வழியாக நுழைந்து
நெஞ்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்,
வரப்பில் நின்றபடியே
கடைக்கோடிச் சொட்டுவானைச் சரிசெய்த மாதிரி.
என்ன கூலி கேட்டிருப்பேன் நான் இதற்கு
என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

அறுபது மிச்சம்.
"அதைக் கரைக்க முடியாதாம்மா?"

அவர் பேனாவை மூடினார்.
"நீங்க நினைக்கிற மாதிரி
உள்பக்கம் ஒட்டின உப்பு இல்லைங்க அது.
சுவத்துக்குள்ளயே வளந்தது. கழுவினா போகாது.
கழுவுறேன்னு சொல்றவன்கிட்ட நீங்களும் போகாதீங்க."
பிறகு கொஞ்சம் இறங்கிவந்து,
"மாத்திரையை விடாம போட்டு, பீடியை விட்டா
வளர்றது நிக்கும்.
சில பேருக்குக் கொஞ்சம் சுருங்கும்.
கொஞ்சம்தான்."

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று காட்ட
விரலைத் தூக்கியவர்
காட்டாமலே இறக்கிவிட்டார்.

சில சொட்டுவான்கள் ஆசிட்டுக்கும் அசையாது.
கல்லாகிப்போனவை.
அந்த இடத்தை அறுத்தெறிந்து புது டியூப் மாட்டுவேன்.
அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில்
ஒரு நோட்டீஸ்:
கத்தியின்றி, ரத்தமின்றி, முப்பதே சிட்டிங்கில்
இதய அடைப்பு நூறு சதம் நீக்கம்.
நம்பர் இருந்த மூலையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
ஐந்து நாள் அது அங்கேயே,
ஸ்டென்டுக்கு நேர் மேலே, இருந்தது.
துவைக்க எடுத்த இந்திராணி
அதைப் படித்தாள். திருப்பி ஒருதரம் படித்தாள்.
"நூறு சதம் எடுத்துத் தர்றேன்னு
நீ எந்தக் கொல்லையிலயாவது
எழுதிக் குடுத்திருக்கியா?"

இல்லை.
வாய்வார்த்தையாகக்கூட.

ராத்திரி எட்டரைக்கு மாத்திரை.
தொடை வலித்தது, வேறு மாத்திரை.
பீடி இருந்த பையில் வறுத்த பட்டாணி.
களி பழையபடி களிதான்,
குழம்பில் மிதக்கிற எண்ணெய் மட்டும்
என் தட்டுக்கு வரும் வழியில் காணாமல் போகும்.
விடியுமுன்னே ரயில்வே கேட் வரை நடை.
கேட்கீப்பர் முதல் மாதம் சிரித்தான்,
இரண்டாம் மாதம் கொடியைச் சுருட்டிக்கொண்டே
அவனுடைய கொழுப்பு எவ்வளவு என்று சொன்னான்.

பதினாலு மாதம் கழித்து ஸ்கேன்.
அறுபது, ஐம்பத்தேழு ஆகியிருந்தது.
நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"உக்காருங்க. மூணு சதம்ங்கிறது
அளக்கிறதுல வர்ற வித்தியாசமாக்கூட இருக்கலாம்.
ஆனா ஏறலை."

ஏறலை.
இந்தச் சொல்லை
காய்ந்த கொல்லைகளில்தான் கேட்டிருக்கிறேன் இதுவரை.
"தண்ணி ஏறலைங்க" என்று
போனில் அழாத குறையாய்ச் சொல்வார்கள்.
முதல்முறையாக
அந்தச் சொல்லுக்கு இனிப்பு வாங்கலாம் போலிருந்தது.

வாங்கவில்லை.
சர்க்கரையும் இருக்கிறது.